பெட்டியின் மேல் வைத்த கை

நான் இருபத்திரண்டு வருடம் வேலை செய்த கடையில் போன மாதம் ஒரு திரை வைத்திருக்கிறார்கள். வேட்டைக்குப் போகிறவர் அதைத் தொட்டு, என்ன மிருகம், எவ்வளவு தூரம், எவ்வளவு காற்று என்று பதில் கொடுத்தால், துவக்குக்கு எந்தச் சன்னம் வாங்கவேண்டும் என்று அது சொல்லிவிடுமாம். ஓய்வு பெற்று வீட்டில் இருந்த என்னைக் கூப்பிட்டு, பார்த்துப் பிழை இருந்தால் சொல்லும்படி கேட்டார்கள். போய்த் தொட்டேன். முதல் கேள்வி, எத்தனை மீற்றர் தூரத்தில் சுடப்போகிறீர்கள் என்பது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. திரையைக் கோபித்து என்ன செய்வது? நானும் ஒருநாள் அதே கேள்வியில்தான் தொடங்கினேன், அன்று ஒரு மனிதர் முகத்தையே இழக்கப் பார்த்தார். கடைக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் அரைப்பக்கம் எழுதிக் கொடுத்தேன். அந்த அரைப்பக்கத்தில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

நான் இந்த நாட்டுக்கு வந்து பார்க்டேலில் ஒரு அறையில் ஆறு பேரோடு இருந்தவன். கோப்பை கழுவினேன், பாண் சுட்டேன், பார்சல் ஏற்றினேன். ஸ்காபரோவில் இருந்த அந்த வேட்டைச் சாமான் கடைக்கு, பின்பக்கம் பெட்டி இறக்கத்தான் முதலில் போனேன். "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீங்கள் போய்த் துவக்குக் கடையில நிக்கிறியள்" என்றாள் மனைவி. சூடான இடம், நிரந்தர வேலை என்று சொல்லிச் சமாளித்தேன்.

என்னைக் கவுண்டருக்குக் கூட்டிவந்தவர் ரோய். ரவைப் பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. ரவை என்றால் பித்தளைக் கோதும், அதற்குள் மருந்தும், முன்னுக்குச் சன்னமும் சேர்ந்த முழுச் சாமான். சன்னம் என்பது அதில் பறந்து போகிற துண்டு மட்டும். இந்த வித்தியாசத்தை எனக்கு விளங்கப்படுத்தவே ரோய் ஒரு பின்னேரம் செலவழித்தார். நெடிய, ஒல்லியான மனிதர். காற்சட்டையைத் தோளில் வார் போட்டு இழுத்துக் கட்டியிருப்பார். இடக்காது கேளாது. பிடிக்காத வாடிக்கையாளர் வந்தால் அந்தக் காதைத்தான் அவர் பக்கம் திருப்புவார் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

ரவை வாங்க வருகிறவர் முதலில் லைசென்ஸ் காட்டவேண்டும். அது நாட்டுச் சட்டம். அதற்குப் பிறகு ரோயின் சட்டம் வரும். கேட்ட பெட்டியை எடுத்துக் கவுண்டரில் வைப்பார். வைத்த கையை அதன்மேலிருந்து எடுக்கமாட்டார். "உங்கள் துவக்கின் குழலில் என்ன எண் பொறித்திருக்கிறது?" என்று கேட்பார். எந்த ரவைக்காகச் செய்யப்பட்டது என்று ஒவ்வொரு குழலிலும் ஒரு எண் இருக்கும். துவக்கைக் கொண்டுவந்திருந்தால் பையைத் திறந்து அந்த எண்ணை வாசிக்கவேண்டும். கொண்டுவராதவர் குழலின் படத்தைக் காட்டவேண்டும். பிறகு பெட்டியில் இருக்கிற எண்ணை வாசிக்கவேண்டும். இரண்டையும் வாங்குகிறவர்தான் வாசிக்கவேண்டும், அதுவும் சத்தமாக. இரண்டும் ஒன்றென்றால் கை எழும்பும்.

"எனக்குத் தெரியும்" என்று சிலர் சொல்வார்கள். ரோய் லாச்சியைத் திறந்து, வாழைப்பழத் தோல் மாதிரிக் கிழிந்து விரிந்த ஒரு பித்தளைக் கோதை எடுத்து வைப்பார். "இதைச் சுட்டவருக்கும் தெரிந்துதான் இருந்தது" என்பார். குழலின் துவாரத்துக்குப் பெரிய சன்னம் அதற்குள் அடைபட்டால், வெடித்த மருந்தின் அமுக்கம் முன்னுக்குப் போக வழியில்லாமல் பின்னுக்கு வரும். பின்னுக்கு இருப்பது சுடுகிறவரின் முகம்.

மற்றதெல்லாம் மூன்று வருடத்தில் பழகிவிட்டேன். ஆட்களிடம் கேள்வி கேட்கத்தான் பழகவில்லை. ஒருமுறை மலை மாதிரி ஒருவர் வந்து, நாற்பது வருடமாக வேட்டையாடுகிற தன்னிடம் நான் கேள்வி கேட்பதா என்று கத்தினார். என் நிறத்தையும் சேர்த்துத்தான் கத்தினார். ரோய் தூரத்தில் நின்று, கேளாத காதைத் திருப்பிக்கொண்டார். என் கை பெட்டியிலிருந்து எழும்பவில்லை. அந்த மனிதர் வாகனத்துக்குப் போய்க் குழலைப் படம் எடுத்துவந்து வாசித்தார். அவர் கேட்ட ரவை வேறு, குழலில் இருந்த எண் வேறு. சரியான பெட்டியை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லாமல் போனார். அதற்குப் பிறகு யாரிடமும் கேட்க எனக்குப் பயமில்லை என்று நினைத்தேன். அந்நியரிடம் கேட்கத்தான் பயமில்லாமல் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

தில்லையம்பலத்தார் என் சம்பந்தி, மகள் துளசியின் மாமனார். ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் உப அதிபராக இருந்தவர். இங்கே வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்து, அஜக்ஸில் வீடு வாங்கினார். வெள்ளிக்கிழமை மரக்கறி. ராகுகாலம் பார்க்காமல் தலைமயிர்கூட வெட்டமாட்டார். தொழிற்சாலை நண்பர்களோடு சேர்ந்து மான் வேட்டை பழகிக்கொண்டவர். ஆட்கள் சிரித்தால், "வெள்ளியில சுடலாம், தின்னத்தான் கூடாது" என்பார். அவருக்கு முன்னால் நான் எப்போதும் ஒரு சொல்லைக் குறைத்துத்தான் பேசுவேன். மகளைக் கொடுத்த இடத்தில் நாங்கள் ஒரு சொல்லைக் கூட்டினால், அது கடைசியில் மகளின் குசினிக்குத்தான் போய்ச் சேரும்.

நான் ஓய்வு பெறுவதற்கு நாலு வருடம் முந்தி, ஒரு ஒக்டோபர் மாதத்துத் திங்கட்கிழமை அவர் கடைக்கு வந்தார். சட்பரிக்கு அங்கால் மூஸ் வேட்டைக்குப் போகிறாராம். மூஸ் என்பது இந்த நாட்டின் பெரிய கடமான், நின்றால் ஆளை விட உயரம். மரம் தறித்த வெளிக்கு இந்தப் பக்கம் இருந்து, அந்தப் பக்கம் நிற்கிற மூஸைச் சுடவேண்டும். அதற்கென்றே தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஒருவரிடம் இரண்டாவது துவக்கு வாங்கியிருந்தார்.

"எவ்வளவு தூரம் அண்ணை?" என்று கேட்டேன். இதுதான் நான் கேட்ட முதல் கேள்வி.

"ஐந்நூறு மீற்றர் வரும்" என்று சொல்லிக் கைத்தொலைபேசியில் ஒரு பெட்டியைக் காட்டினார். அது இலக்குப் பலகைக்குச் சுடுகிற போட்டிச் சன்னம்.

நான் உசாராகிவிட்டேன். ஒரு மணித்தியாலம் கதைத்தோம். போட்டிச் சன்னம் கடதாசியில் அழகான ஓட்டை போடும், ஆனால் மூஸின் உடம்பில் அதை நம்பமுடியாது என்றேன். சிலவேளை ஊசி மாதிரி மறுபக்கம் போய்விடும், சிலவேளை தோள் எலும்பில் பொடியாகிவிடும், எப்படியென்றாலும் மிருகம் காயத்தோடு காட்டுக்குள் போய் இரண்டு நாள் கிடந்து சாகும். நீண்டு கூரான சன்னம் காற்றை வெட்டிக்கொண்டு போகும் என்பது உண்மை. ஆனால் தூரம் கூடக் கூட வேகம் குறையும். குறைந்த வேகத்திலும் அதன் முனை பூ மாதிரி விரியவேண்டும். தனிச் செம்பில் செய்தது விரிய வேகம் கூட வேண்டும். ஈயத்தைச் செம்பு உறையோடு ஒட்டவைத்துச் செய்தது ஆறுதலான, குறைந்த வேகத்திலும் விரியும், உடையவும் மாட்டாது. வடக்கின் குளிரில் மருந்தும் கொஞ்சம் சோம்பும், அதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

"உங்களுக்கு ஐந்நூறு வேண்டாம் அண்ணை" என்றேன். "சாப்பாட்டுக் கோப்பை அளவு வட்டத்துக்குள்ள அஞ்சு வெடியும் எந்தத் தூரத்தில விழுதோ, அதுதான் உங்கட தூரம்."

அவர் யோசித்தார். "அப்ப முந்நூறு எண்டு வைப்பம்" என்றார். ஒரு உப அதிபரை இருநூறு மீற்றர் இறக்கிவிட்ட சந்தோஷப் புளுகத்தில் எனக்கு நிலம் தெரியவில்லை. ஈயம் ஒட்டிய நூற்றறுபத்தைந்து கிரெயின் நிறையுள்ள சன்னம் பூட்டிய 308 ரவைப் பெட்டியை எடுத்துக் கவுண்டரில் வைத்தேன். கையும் அதன்மேல் இருந்தது.

"துவக்கைக் கொண்டு வரேல்லையோ?"

"ஏன்? என்ரை பழையதும் 308 தான். இதுவும் அதே கொம்பனி, அதே மாதிரி. வித்தவனும் 'உன்ரை துவக்கு மாதிரித்தான்' எண்டு சொன்னவன்."

"குழலில இருக்கிற நம்பரின்ர படம் ஏதும்…"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நான் சொன்னாக் காணாதோ, தம்பி?"

அவர் என்னை அதற்கு முன் தம்பி என்று கூப்பிட்டதில்லை. பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். ரோய் அன்று லீவு. "காணும் காணும், அண்ணை" என்று சிரித்துக்கொண்டு கையை எடுத்தேன்.

போகும்போது புத்தியும் சொன்னேன். "புது ரவை, புதுத் துவக்கு. சீசன் துறக்க முதல் அங்க மூண்டு வெடி வைச்சுப் பாருங்கோ."

"வியாழன் போறன். வெள்ளி மத்தியானம் நல்ல நேரம் பாத்து வைப்பன்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டேகாலுக்குக் கடையின் பின்பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்து கைத்தொலைபேசியைத் திறந்தேன். முதல் நாள் துளசி குடும்பக் குழுவில் போட்டிருந்த படம் வந்தது. தில்லையம்பலத்தார் செம்மஞ்சள் மேலங்கியோடு வீட்டு வாசலில் நிற்கிறார், புதுத் துவக்கைக் குறுக்கே பிடித்திருக்கிறார். தொலைநோக்கி எதுவென்று பார்க்கத்தான் விரலால் பெரிதாக்கினேன். குழலின் பக்கத்தில் எழுத்துத் தெரிந்தது. இன்னும் பெரிதாக்கினேன். 270.

சோற்றைத் தள்ளிவைத்தேன். 270 இன் துவாரம் 308 ஐ விடச் சின்னது. ஆனால் 308 இன் கோது கட்டை. ஆகவே குழலின் பின்னுக்கு ரவை இருக்கிற அறைக்குள் அது கொஞ்சம் இறுக்கமாகப் போகும், பலமாக அமத்தினால் அறையைப் பூட்டுகிற போல்ட்டும் மூடிவிடும். அதற்குப் பிறகு விசையை இழுப்பது மட்டும்தான் மிச்சம்.

அவருக்குப் போன் அடித்தேன். போகவில்லை. அந்தக் காட்டில் போன் வேலை செய்யாது என்று அவரே சொல்லியிருந்தார்.

ரோயிடம் ஓடிப்போய்ப் படத்தைக் காட்டிச் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "பெட்டியில் உன் கை இருந்ததா?" என்று கேட்டார்.

"எடுத்துவிட்டேன்" என்றேன்.

அவர் கடைத் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார். நான் மருமகன் பிரதீபனுக்கு அடித்து, விஷயத்தைச் சொல்லி, அவனுடைய அப்பா தங்குகிற இடத்தின் நம்பர் கேட்டேன். ஒரு பெற்றோல் கடைக்குப் பின்னால் இருந்த குடிலை வாடகைக்கு எடுத்திருந்தார். மற்ற ஆட்கள் பின்னேரம்தான் வருவார்கள், அதுவரை அவர் தனிய. ரோய் அந்த நம்பருக்கு அடித்தார், லைன் பிசி. அந்தப் பகுதிப் பொலிசுக்கு அடித்தார். அவர்கள் வந்துசேர நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகும் என்றார்கள்.

அப்போதுதான் எனக்கு ராகுகாலம் ஞாபகம் வந்தது. அவர் புது வேலை எதையும் அதற்குள் தொடங்கமாட்டார். ஆனால் எந்த ராகுகாலம்? ஊரில் வெள்ளிக்கிழமை என்றால் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. இங்கே கோயில் கலண்டர் சூரியன் உதிக்கிற நேரத்தைப் பார்த்துக் கணித்துப் போடும். கைத்தொலைபேசியில் பார்த்தேன், அன்றைக்குப் பதினொன்று நாற்பதிலிருந்து ஒரு மணி. எங்கள் சனம் பாதிப் பேர் இதைப் பார்க்கும், பாதிப் பேர் அதைப் பார்க்கும், கலியாண வீடுகளில் இதற்காகச் சண்டையும் பிடிக்கும். அவர் கோயில் கலண்டர் பார்க்கிறவர் என்றால் எனக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. ஊர்க் கணக்கென்றால் நேரம் எப்போதோ முடிந்துவிட்டது.

"அப்பா எந்த ராகுகாலம் பாக்கிறவர்?" என்று பிரதீபனிடம் கேட்டேன்.

"மாமா, சீரியஸா? எனக்கு ஐடியாவே இல்லை." அவன் குரல் உடைந்தது. "ஃப்ரிட்ஜில ஒரு கலண்டர் இருக்கு. ஆனா அப்பா அதைப் பாக்கிறவரோ எண்டு தெரியாது. ஹி ஜஸ்ட் நோஸ்."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அன்று ராகுவைக் கும்பிட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஐந்தாம் தரம் பெற்றோல் கடை எடுத்தது, ரோய் ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண் பேசினார். ரோய் அலட்டிக்கொள்ளவில்லை. ஆளின் அடையாளம், துவக்கு, ரவை என்று நாலு வசனத்தில் சொல்லி முடித்தார். அந்த ஆள் கிறவல்கல் தோண்டிய கிடங்குப் பக்கம் போய்க் கனநேரம் ஆகிறது, பாதை கெட்ட பாதை, இருபது நிமிடம் பிடிக்கும் என்றார் அந்தப் பெண். அவர் தன் கடையைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிடுகிற சத்தம் கேட்டது. அவர் தொலைபேசியை வைக்கவே மறந்துவிட்டார், லைன் திறந்தபடி கிடந்தது.

மணி பன்னிரண்டு நாற்பது. செய்வதற்கு ஒன்றும் இல்லை. எனக்குத் துளசியின் முகம்தான் வந்தது. அவளிடம் என்ன சொல்வேன்? உன்னுடைய மாமாவிடம் ஒரு கேள்வி கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது என்றா?

ஒரு வாடிக்கையாளர் வந்து ரவை கேட்டார். நான் அசையவில்லை. ரோய் பெட்டியை எடுத்து வைத்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து, என் கையைத் தூக்கி அந்தப் பெட்டியின் மேல் வைத்தார். "கேள்" என்றார். நான் கேட்டேன். வந்தவர் வாசித்தார். என்ன வாசித்தார் என்று எனக்குக் கேட்கவில்லை. ரோய் தன் நல்ல காதால் கேட்டு, "சரி, எடு" என்றார்.

ஒன்றரைக்குத் திறந்த லைனில் கதவுச் சத்தம் கேட்டது. அந்தப் பெண் மூச்சு வாங்கினார். "ஆள் சுகம்" என்றார்.

அந்தப் பெண் போய் இறங்கியபோது தில்லையம்பலத்தார் ஒரு ரவையை உள்ளே வைத்து, மூடாத போல்ட்டை உள்ளங்கையால் தட்டிக்கொண்டு நின்றாராம். பெண் கத்திக்கொண்டு ஓடியதும், தன்னைக் கலைக்க வருகிறார் என்று நினைத்து, லைசென்ஸ் எடுத்துக் காட்டினாராம். "குழலை வாசியுங்கள்" என்றிருக்கிறார் அந்தப் பெண். அவர் வாசித்தார். பெட்டியையும் வாசித்தார். பிறகு கிறவல் மேட்டில் குந்தி இருந்துவிட்டாராம்.

தில்லையம்பலத்தார் தொலைபேசிக்கு வந்தார். "அண்ணை, பிழை என்ரை" என்றேன்.

"ம்" என்றார். வைத்துவிட்டார்.

ரோய் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். லாச்சியில் கிடந்த கிழிந்த கோதை எடுத்து, கவுண்டரில் நான் நிற்கிற பக்கம் வைத்தார். நான் ஓய்வு பெறும்வரை அது அங்கேதான் இருந்தது.

தில்லையம்பலத்தார் ஐந்து மாதம் என்னோடு பேசவில்லை. தைப்பொங்கலுக்குத் துளசி வீட்டுக்குப் போனபோது, அவர் மாடியிலிருந்து இறங்கி வரவில்லை. "மாமா உங்களைப் பற்றிக் கதைக்கிறேல்லை, அப்பா. நல்லதாயும் இல்லை, கெட்டதாயும் இல்லை" என்றாள். நான் எதற்குப் பயந்து கையை எடுத்தேனோ, அது அப்படியே நடந்தது.

பனி கரைந்த பிறகு ஒருநாள் கடைக்கு வந்தார். தோளில் துவக்குப் பை. கவுண்டரில் அதை வைத்து, திறந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடுகிற குரலில் வாசித்தார். "டூ செவன்ரி." கடையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

270 பெட்டியை எடுத்து வைத்தேன். கையை எடுக்கவில்லை. அதையும் வாசித்தார். கையை எடுத்தேன்.

"அண்ணை, ஒண்டு கேக்கலாமோ?" என்றேன். "அண்டைக்கு எந்த ராகுகாலம் பாத்தனீங்கள்? ஊர்க்கணக்கோ, கோயில் கலண்டரோ?"

"ரெண்டும்" என்றார். "எது சரியெண்டு ஆருக்குத் தெரியும்? பத்தரையில இருந்து ஒரு மணி மட்டும் காருக்குள்ள இருந்தனான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அவர் பையைப் பூட்டினார். நான் விடவில்லை. "அண்டைக்கு இந்தக் கவுண்டரில வைச்சு நான் விடாமல் கேட்டிருந்தா, கோவிச்சிருப்பியளோ?"

"ஓம்" என்றார். "நல்லாக் கோவிச்சிருப்பன். ஒரு வருசம் கதைச்சிருக்க மாட்டன்." பையைத் தோளில் போட்டுக்கொண்டார். "கோவிச்சுக்கொண்டு வீட்டை போயிருப்பன். ஒரு கரைச்சலும் இல்லை."

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை பலரைக் கோபப்படுத்தினேன். அதில் ஒரு ஐயரும், என் சொந்த மச்சானும் அடக்கம்.

இப்போது எனக்குக் கவுண்டர் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு ஒக்டோபரும், வடக்கே போவதற்கு முதல்நாள் காலையில், தில்லையம்பலத்தார் வீடியோக் கோல் எடுப்பார். வணக்கம் சொல்வதில்லை, சுகம் கேட்பதில்லை. கமராவைக் குழலுக்குக் கிட்டப் பிடித்து வாசிப்பார். பிறகு பெட்டியைப் பிடித்து வாசிப்பார். பிறகு என் கை எழும்பும்வரை என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த வருடமும் எடுத்தார். நான் சாப்பாட்டு மேசையில், அவருக்குத் தெரிகிற மாதிரி, கையை வைத்திருந்தேன். அவர் வாசித்து முடித்த பிறகு எடுத்தேன்.